போல்ஹ் மாதிரி தூங்கினேன்

அக்டோபர் 12

மழை. மொழிபெயர்ப்பு மூன்று பக்கம்தான் நகர்ந்தது.

அத்தை தினமும் காலையில் கேட்கும் கேள்வி: "எப்படித் தூங்கினே?" என் பதிலும் தினமும் ஒன்றுதான்: "நல்லா." இன்று அவருக்குப் பொறுக்கவில்லை. "நல்லாவா? டாக்டர்கிட்ட சொல்ற மாதிரி இருக்கு. போல்ஹ் மாதிரி தூங்கினேன்னு சொல்லு, தமாரா."

தாமரை இங்கே தமாரா ஆகி வெகுகாலம் ஆகிறது. ஆனால் போல்ஹ்? எனக்குத் தெரியவில்லை. லுப்லியானாவில் ஆறு வருடம், இந்த மொழியிலேயே ஆய்வேடு. அங்கே யாரும் என்னை எப்படித் தூங்கினாய் என்று கேட்டதில்லை. அதனால் இருக்கலாம்.

மாமா விளக்கம் சொல்லவில்லை. மலைக்காட்டிலிருந்து கொண்டுவந்த பையைத் திறந்து, ஒன்றை வாலைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். சாம்பல் நிறம். அணில் வால், எலிக் காது, பிசைந்த மாவு போன்ற வயிறு. "காட்டுக் கொட்டையா தின்னு கொழுத்துட்டு, மே மாசம் வரைக்கும் மண்ணுக்குள்ள தூங்கும். எங்க பொறியில விழாம இருந்தா."

மதியம் அதுதான், உருளைக்கிழங்கு போட்டு. நான் உருளைக்கிழங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன். எல்லோரும் பார்க்காததுபோலப் பார்த்தார்கள். உர்பான் மேசைக்கடியில் மெல்ல உதைத்தான். கணவன் என்பவன் மேசைக்கடியில் உதைப்பவன்.

அக்டோபர் 13

"போல்ஹ் மாதிரி தூங்கினேன்."

மாமா கரண்டியால் மேசையைத் தட்டிச் சிரித்தார். அத்தை மாவுக்கையோடு என் கன்னத்தைத் தட்டினார். ஒரு வாக்கியத்துக்கு இவ்வளவு கூலியா.

உண்மையில் நான் வெகுநேரம் விழித்துக் கிடந்தேன்.

நவம்பர் 5

எங்கள் ஊரில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குவார்கள். தூக்கம் அங்கே உழைத்தவனுக்கு. இங்கே தின்று கொழுத்த பிராணிக்கு.

இந்த வீட்டில் நான் எந்த வகை?

கோடையில் குடிவந்ததிலிருந்து என்னை ஒரு வேலையும் செய்ய விடுவதில்லை. களை எடுக்கப் போனால், "நீ போ, உன் எழுத்து வேலையைப் பாரு." விறகு தூக்கினால் பாதி வழியில் வாங்கிக்கொள்கிறார்கள். அன்புதான். விருந்தாளிக்குக் காட்டும் அன்பு.

ஜனவரி 24

புர்யா, நாலாம் நாள். மலையிலிருந்து பள்ளத்தாக்குக்குள் விழும் காற்று. கூரை ஓடுகளின் மேல் கல் வைத்திருக்கிறார்கள், அப்படியும் ஓடுகள் பல் கடிக்கின்றன. என்னால் கண்ணை மூட முடியவில்லை. இவர்கள் தொட்டில் பிள்ளைகள்போலத் தூங்குகிறார்கள்.

இன்று விடியுமுன் காற்று சட்டென்று நின்றது. அப்பாடா என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அதே நொடியில் கீழே அடுக்களையில் விளக்கு. அத்தை எழுந்துவிட்டார்.

"இந்த அமைதி காதைக் குத்துது," என்றார் காலையில்.

மார்ச் 21

விதா வீட்டு அடுக்களையில் கூட்டம். விதா கீழ்வீட்டுக்காரி. தனியாள், நாற்பது வயது. செர்ரித் தோப்பைத் தவிர அவளுக்கு வேறு எதுவும் இல்லை. வருடா வருடம் பூக்கும் காலத்தில் இந்தக் கூட்டம் உண்டாம். விஷயம்: பனி விழும் இரவில் யார் யாரை எழுப்புவது.

புர்யா வீசும்வரை பயமில்லை. அது நின்றதும் குளிர் வந்து பள்ளத்தில் உட்கார்ந்துகொள்ளும். அப்போது மரங்களுக்கு நடுவே மெழுகு வாளிகளைக் கொளுத்த வேண்டும். முதலில் எழுபவர் மேல்வீட்டு லோய்ஸே மாமா. எழுபத்தெட்டு வயது, காற்று நின்றால் விழிப்பு வந்துவிடும். அவர் எங்கள் வீட்டுக்குப் போன் அடிப்பார். நாங்கள் விதாவுக்கு. விதா அதற்குக் கீழே இருப்பவர்களுக்கு. வாட்ஸ்அப் குழு இருக்கிறது. தூங்குகிறவன் அதை எப்படிப் பார்ப்பான்? மணி அடிக்க வேண்டும்.

"எடுக்கலைன்னா?" என்று கேட்டேன்.

"எடுக்கலைன்னா ஏற்கெனவே தோப்புக்குப் போயிட்டாங்கன்னு அர்த்தம்," என்றாள் விதா. கேட்கவே தேவையில்லாத கேள்வி என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

மாமாவுக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. இந்த வருடம் எங்கள் வீட்டில் யார் என்று பேச்சு வந்தபோது என் வாய் முந்திக்கொண்டது. "நான்."

லோய்ஸே மாமா கிளாஸைக் கீழே வைத்தார். "போச்சுடா. போல்ஹ் கையிலயா பொறுப்பு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும். என் வாக்கியம் மேல்வீடு வரைக்கும் போயிருக்கிறது. பெருமையாக இருந்தது. என் கைபேசி எண்ணை அவர் தன் சுவர்த் தொலைபேசிக்குப் பக்கத்தில் கரித்துண்டால் எழுதிக்கொள்வாராம். "காகிதம் தொலைஞ்சுடும். சுவரு எங்க போகும்?"

முதல்முறையாக ஒரு வேலை.

ஏப்ரல் 7

புர்யா, மூன்றாம் நாள். மாமா ஆஸ்பத்திரியில், அத்தை அங்கே தன் தங்கை வீட்டில். உர்பானுக்கு ரயிலில் இரவுப் பணி. வீட்டில் நானும் ஓடுகளும் மட்டும். மூன்று நாளாகத் தூக்கமே இல்லை. எழுத்துகள் ஊர்கின்றன.

கைபேசி தலையணைக்குப் பக்கத்தில். ஒலி முழுதாக.

ஏப்ரல் 8

இல்லை என்று சொல்லிவிட்டேன்.

ஏப்ரல் 8, பிற்பகல்

எழுதிவிடு. இங்கேயாவது.

எப்போது காற்று நின்றது என்று தெரியாது. நின்றதால்தான் தூங்கினேன். ஊரே விழிக்கும் அமைதியில் நான் மட்டும் தூங்கினேன்.

வெயில் முகத்தில் பட்டுத்தான் கண் திறந்தேன். ஜன்னலில் தோப்பு முழுக்க வெள்ளைப் பூ, அசையாமல். அழகு. ஒரு கணம் — உண்மையாக — அழகு என்றுதான் நினைத்தேன். பிறகு கைபேசி. லோய்ஸே. நாலு தவறிய அழைப்புகள்.

மேல்வீட்டுத் தோப்பில் மட்டும் புகை.

கார் சத்தம். அத்தை. அத்தை படியேறி வருவதற்குள் என் கட்டைவிரல் அந்த நாலையும் அழித்துவிட்டது. நான் யோசித்தேனா? யோசிக்கவில்லை என்று எழுதத் தோன்றுகிறது. பொய். யோசித்தேன். அவருடையது பழைய சுவர்த் தொலைபேசி, அதில் பதிவு எதுவும் இருக்காது — அதைக்கூட யோசித்தேன்.

அத்தை கோட்டைக் கழற்றவில்லை. "லோய்ஸே கூப்பிடலையா?"

"இல்லை."

இந்த மொழியின் மிகச் சிறிய சொல். முதல் வாரத்திலேயே கற்றது.

ஏப்ரல் 9

விதாவின் தோப்பு. வெளியே எல்லாம் வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்தாள். உள்ளே கறுப்பு. இன்னொன்று, கறுப்பு. பத்துப் பதினைந்து பிளந்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"தன் மரத்துக்கு மட்டும் முழிப்பு வந்திருக்கு கிழவனுக்கு," என்றாள்.

நான் பக்கத்தில் நின்றேன். அவள் தோளில் கையும் வைத்தேன். இந்தக் கையை.

ஏப்ரல் 12

ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில். லோய்ஸே மாமா தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "கூப்பிட்டேன். நாலு தடவை கூப்பிட்டேன். எடுக்கலை, சரி, புள்ள தோப்புல இருக்கும்னு நினைச்சேன்" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். என் பக்கம் திரும்பினார். கண்ணில் குற்றச்சாட்டு இல்லை. கேள்விதான்.

நான் வாய் திறக்குமுன் அத்தை முன்னால் வந்து நின்றார். "லோய்ஸே, எங்க பொண்ணு அப்படிப்பட்டவ இல்லை. மணி அடிச்சிருந்தா எடுத்திருப்பா."

எங்க பொண்ணு.

ஒன்பது மாதமாக நான் காத்திருந்த இரண்டு சொற்கள். விறகு தூக்கி வாங்கமுடியாதது, களை எடுத்து வாங்கமுடியாதது. பொய்க்குக் கிடைத்தது.

வீட்டுக்கு வந்து கழிவறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதில் மோசம் என்னவென்றால், அதில் கொஞ்சம் மகிழ்ச்சியும் இருந்தது.

ஏப்ரல் 13

"எப்படித் தூங்கினே?"

"நல்லா."

அத்தை இந்த முறை திருத்தவில்லை. பரிவு என்று நினைக்கிறேன். என்னால் அந்தப் பிராணியின் பெயரை வாயில் எடுக்க முடியவில்லை.

ஏப்ரல் 26

ஊர் இப்போது இரண்டு கட்சி. சுயநலக்காரன் என்பது விதாவின் கட்சி. மறதி வந்துவிட்டது பாவம் என்பது மற்றவர்கள் கட்சி. நேற்று மதுக்கடையில் மாமா — இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறார் — பழைய நண்பனுக்காகப் பரிந்து பேசினாராம். "கெட்டவன் இல்லைய்யா அவன். வயசாயிடுச்சு, அவ்வளவுதான்."

பரிவும் கத்திதான்.

இன்று சொல்லிவிடலாம். மாமா குணமாகட்டும், பிறகு. உர்பானிடம் முதலில். இல்லை, அத்தையிடம். இல்லை —

சூப் ஆறிவிட்டது.

மே 10

லோய்ஸே மாமாவின் மகள் நெவெங்கா அவரை ஞாபகசக்திப் பரிசோதனைக்கு அழைத்துப்போனாளாம். கடிகாரம் வரையச் சொன்னார்களாம். சரியாக வரைந்தாராம். அப்படியும் டிராக்டர் சாவியை அவள் எடுத்து வைத்துக்கொண்டாள். "எதுக்கும் இருக்கட்டும்."

இன்று அவருடைய டிராக்டரை நெவெங்கா ஓட்டிக்கொண்டு போனாள். அவர் பின்னால் நடந்தார், கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு.

மே 11

எதுவும் எழுத முடியவில்லை.

மே 30

வந்தார். கையில் ஒரு கூடை செர்ரி. இந்தச் சரிவில் வேறு யாரிடமும் செர்ரி இல்லை.

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. தொப்பியைக் கழற்றினார்.

"தமாரா, நான் யோசிச்சுப் பார்த்தேன். நான் கூப்பிட்டிருக்க மாட்டேன். கூப்பிட்டதா கனவு கண்டிருப்பேன். இப்பல்லாம் கனவு ரொம்ப நிஜமா வருது. உன்னை ஊர் முன்னாடி பொய்க்காரி மாதிரி நிக்க வெச்சுட்டேன். மன்னிச்சுக்கம்மா."

மன்னிச்சுக்கம்மா.

"அய்யோ, அதெல்லாம் ஒண்ணுமில்லை மாமா," என்றேன். அவருக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். குடித்தார். சீனி போட்டோமா என்று இரண்டு முறை கேட்டார். முன்பெல்லாம் இப்படிக் கேட்க மாட்டார். கிளாஸைக் கழுவி வைக்கட்டுமா என்றார்.

அந்த மனிதர் தன் மூளையை நம்புவதை விட்டுவிட்டார். நான் அழித்தது நாலு அழைப்புகளை மட்டும் இல்லை.

கூடை மேசைமேல் இருக்கிறது. யாரும் தொடவில்லை. நான் ஒன்று தின்றேன். இனிப்பு. துப்ப முடியவில்லை.

மே 31

உர்பானிடம் சொல்லிவிட்டேன். சீருடையைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாதிப் பித்தானில் நிறுத்தினான்.

"எங்கிட்டகூடவா?"

மீதிப் பித்தான்களையும் கழற்றிவிட்டு, "மேல்வீட்டுக்கு நான் வரட்டுமா?"

வேண்டாம் என்றேன்.

ஜூன் 1

லோய்ஸே மாமா ஏணியில் நின்று கடைசிச் செர்ரிகளைப் பறித்துக்கொண்டிருந்தார். கீழேயிருந்து சொன்னேன். நிமிர்ந்து பார்த்துப் பேச வேண்டியிருந்தது நல்லதாகப் போயிற்று. வெயிலில் அவர் முகம் தெரியவில்லை.

"நீங்க கூப்பிட்டீங்க மாமா. அன்னிக்கு. நான் தூங்கிட்டேன். காலையில பார்த்தேன். பார்த்துட்டு அழிச்சுட்டேன்."

கிளை அசைவது நின்றது.

"எத்தனை தடவை அடிச்சிருந்தது?"

"நாலு."

அவர் ஏணியிலிருந்து இறங்கிய வேகம் எனக்குப் பயமாக இருந்தது. "நெவெங்கா! ஏய் நெவெங்கா! வெளிய வா! நாலு! நாலு தடவை கூப்பிட்டிருக்கேன்! நான் என்னடி சொன்னேன்? நாலுன்னு சொன்னேனா இல்லையா?"

நெவெங்கா சோப்புக் கையோடு ஓடிவந்தாள். அவர் என் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டே இருந்தார், பேரன் பிறந்த செய்தி கொண்டுவந்தவள் கையைக் குலுக்குவதுபோல. கண்ணெல்லாம் நீர். "நன்றி" என்றார். என்னிடம். "நன்றி தமாரா, நன்றி."

திட்டுவார் என்று தயாராகப் போயிருந்தேன். அடிகூட. நன்றிக்குத் தயாராகப் போகவில்லை.

நெவெங்கா நன்றி சொல்லவில்லை. "அப்பா ராத்திரியில எந்திரிச்சு எந்திரிச்சு அடுப்பைத் தொட்டுப் பார்க்கிறார். அணைச்சோமா அணைச்சோமான்னு," என்றாள். "ரெண்டு மாசமா." சொல்லிவிட்டு உள்ளே போனாள். சாவியை எடுத்துவந்து அவர் கையில் வைத்தாள்.

சாயங்காலம் என் கைபேசி அடித்தது. லோய்ஸே.

"இப்பதான் எனக்குக் கோபம் வருது. பயங்கரமா வருது. சொல்லிடணும்னு கூப்பிட்டேன்."

"சொல்லுங்க மாமா."

"இப்ப மட்டும் எடுத்துட்டே."

வைத்துவிட்டார்.

ஜூன் 2

அத்தை மாவு பிசைந்துகொண்டிருந்தார். சொல்லி முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும் மாவை மூடி வைத்தார்.

"நான் எல்லார் முன்னாடியும் எங்க பொண்ணுன்னு சொன்னேன்," என்றார்.

சொன்னேன். முடிந்துபோன காலம்.

மாமா ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு மேல்வீட்டுக்கு நடந்தார். இடுப்பு ஆறாத காலோடு, அந்தச் சரிவில்.

ஜூன் 3

விதா கதவைத் திறந்து வாசலிலேயே நின்று கேட்டாள். "தூங்கினது சரி. யாரும் தூங்குவாங்க," என்றாள். "மத்தது?"

நான் அவள் வாசற்படியைப் பார்த்தேன்.

"சரி." கதவை மெதுவாகச் சாத்தினாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஜூன் 4

காலை. காபி. அத்தை ரொட்டியை நகர்த்தினார். ஜாமை நகர்த்தினார். கேள்வி வரவில்லை.

ஆகஸ்ட் 17

கேள்வி இன்னும் வரவில்லை. எந்த நாளும்.

மற்ற எல்லாம் வருகிறது. விறகு தூக்கினால் யாரும் பாதி வழியில் வாங்கிக்கொள்வதில்லை. களை எடுக்கிறேன். "அந்த வரிசை முடிச்சுட்டு இதையும் பாரு" என்கிறார் அத்தை. எழுத்து வேலை எப்படிப் போகிறது என்று யாரும் கேட்பதில்லை. இரவில் அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறேன். விருந்தாளியாக இருப்பது முடிந்துவிட்டது என்று தோன்றுகிறது. வேறு என்னவாக இருக்கிறேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 15

மாமா லோய்ஸே மாமாவோடு காட்டுக்குப் போய்வந்தார். டிராக்டரை லோய்ஸே மாமாதான் ஓட்டினார். ஊர் பார்க்கட்டும் என்று மெதுவாக.

மதியம் குழம்பு. இறைச்சியையும் எடுத்துக்கொண்டேன். நல்ல ருசி, எண்ணெய்ப் பசையாக. அந்தப் பிராணியின் பெயரை மேசையில் யாரும் சொல்லவில்லை. "இன்னும் கொஞ்சம் இது போட்டுக்கோ," என்றார் மாமா. இது.

மார்ச் 20

விதா வீட்டில் கூட்டம். நான் போகவில்லை. உர்பான் போய்வந்தான். குளிர்பெட்டியின் மேல் புது வரிசையை ஒட்டினான். லோய்ஸே நேராக விதாவுக்கு. விதா கீழ்வீடுகளுக்கு. எல்லாம் முடிந்து கடைசியில் எங்கள் வீடு. நாங்கள் யாரையும் எழுப்ப வேண்டாம்.

அதன் எதிரே யாருடைய எண் என்று கேட்டேன்.

"உன்னோடதுதான்," என்றான். "லோய்ஸே சொன்னார். எழுதியிருக்கிறதை அழிக்கணும்னா சுவருக்கே சுண்ணாம்பு அடிக்கணும்னு."

ஏப்ரல் 4

புர்யா, இரண்டாம் நாள். ஓடுகள் பல் கடிக்கின்றன. மெழுகு வாளிகளைக் கொட்டகையிலிருந்து எடுத்து வரிசைக்கு வரிசை வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 5

காற்று நின்றது. நின்ற கணத்திலேயே கண் திறந்துவிட்டது. அமைதி காதைக் குத்தியது. அத்தை சொன்ன அதே குத்து.

காலுறை, பூட்ஸ், தீப்பெட்டி. ஜன்னலில் நின்றேன். மேல்வீட்டில் விளக்கு. அது எங்களைத் தாண்டிக் கீழே குதித்தது, விதா வீட்டில். பிறகு அதற்கும் கீழே, ஒவ்வொன்றாக. நடுவில் எங்கள் வீடு மட்டும் இருட்டு. இருட்டுக்குள் நான் பூட்ஸோடு. விளக்கைப் போடவில்லை. முறை வரட்டும்.

அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

விதா. பத்து மாதத்துக்குப் பிறகு. "மைனஸ் ரெண்டு," என்றாள். நான் பதில் சொல்வதற்குள் வைத்துவிட்டாள்.

கொளுத்தினோம். நான், அத்தை, உர்பான். கொஞ்சம் கழித்து மாமாவும். சரிவு முழுக்க வாளி வாளியாகத் தீ. விதாவின் தோப்பில் யாரோ இருமினார்கள். விடிந்ததும் ஒரு பூவைப் பறித்து நகத்தால் பிளந்து பார்த்தேன். உள்ளே பச்சை.

காபி. நாலு பேர் முகத்திலும் கரி. அத்தை ரொட்டியை நகர்த்தினார். ஜாமை நகர்த்தினார். என் பூட்ஸைப் பார்த்தார்.

"எப்படித் தூங்கினே?"

"தூங்கலை அத்தை."

"ம்," என்றார். "அந்தச் சர்க்கரையை இப்படித் தள்ளு."